காத்திருப்பும் கையிலுள்ள காரும்

2008 இறுதியில் அறிமுகமான நிசான் 370இசட், ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பெரிய மாற்றமின்றி விற்கப்பட்டது. அடுத்த வடிவத்துக்குக் காத்திருந்த உரிமையாளர் பலர், கையிலிருந்த காரைக் காலாவதியானதென்றே கருதப் பழகினர். 2021 ஆகஸ்டில் வெளியான புதிய இசட், இரட்டை டர்போ பொருத்திய 3 லிட்டர் எஞ்சினும் 400 குதிரைத்திறனும் கொண்டது. அடித்தளமோ பெரும்பாலும் பழையதே. (இதைக் குறையென்போர் உளர், விலையைக் கட்டுக்குள் வைக்க வேறு வழியென்ன?) உண்மையான இழப்பு வேறிடத்தில் உள்ளது. டர்போ இல்லாத 3.7 லிட்டர் எஞ்சின் கால் அழுத்தத்துக்குத் தாமதமின்றி இசையும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் சாலையின் தன்மையைக் கைகளுக்கு உணர்த்தும். புதியதில் ஸ்டீயரிங்குக்கு மின்மோட்டாரே துணை. ஆகவே, பழையதைப் புதியதன் குறைபட்ட முன்வடிவமாக மட்டும் மதிப்பிடுவது பிழை. விற்க முனைவோர், அதற்குமுன் வளைவுகள் மிகுந்த மலைச்சாலையில் ஒருமுறையேனும் அதனை ஓட்டிப் பார்க்கட்டும்.