புதுத் தாயத்து

பிள்ளையின் கொப்பூழ்க்கொடி காய்ந்து விழுந்ததும் அதனை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கோத்துக் கட்டும் வழக்கம் ஜோகூர்த் தோட்டங்களிலுள்ள நம்மவரை இன்னும் முற்றாக விட்டபாடில்லை. போதாக்குறைக்கு, அதற்குள் குருத்தணுக்களைச் சேமித்த முன்னோரின் ஞானமே ஞானம் என்று பூரிப்பவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். காய்ந்த சருகில் உயிரணு ஏது ஐயா?

இது நிற்க. பட்டணத்துப் படித்தவர்களுக்கென்று ஒரு புதுத் தாயத்து வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பிரசவ வேளையில் கொடியிலும் நஞ்சிலும் தங்கும் இரத்தத்தைத் திரவ நைட்ரஜனில், பூச்சியத்திற்குக் கீழே 196 பாகைக் குளிரில் வைத்துக் காப்போம். பின்னாளில் உங்கள் பிள்ளைக்கு நோய் வந்தால் அதுவே மருந்து என்கின்றனர் தனியார் கம்பெனியார். முதலில் ஒரு தொகை, பின்பு வருடந்தோறும் ஒரு தொகை. பெற்ற பாசத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் எந்தத் தகப்பன்தான் பணப்பையைத் திறவான்?

விஞ்ஞானத்தைப் பழிக்க நாம் வரவில்லை. 1988இல் பாரிஸ் நகரில், பான்கோனி என்னும் பரம்பரை இரத்தச்சோகை கண்ட ஒரு சிறுவனுக்கு இவ்விரத்தத்தை ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். யாருடைய இரத்தம்? புதிதாய்ப் பிறந்த அவன் தங்கையினுடையது! அவனுடையதையே ஏற்றியிருந்தால் அதே பழுதும் கூடவே ஏறியிருக்கும். தலசீமியாவுக்கும் இதே கதிதான். ஆகவே மூத்த பிள்ளை இத்தகைய நோயில் கிடக்கையில் இளையதன் இரத்தத்தைச் சேமிப்பதை நாம் ஆட்சேபிக்கோம். ஆனால் தன் பிள்ளைக்கே என்று பூட்டி வைப்பதற்கு விஞ்ஞான ஆதாரமில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 2017இல் கூறிவிட்டது.

பூட்டியதாவது பத்திரமா? 2023 நவம்பரில், பாலத்திற்கு அக்கரையில் சிங்கப்பூரில், கோர்ட்லைப் கம்பெனியின் ஒரு தொட்டியில் குளிர் குறைந்து சுமார் 2,200 பேரின் சேமிப்பு கெட்டதென்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சே அறிவித்தது.

பொருத்தம் பார்க்கும் அடையாளங்கள் மரபுவழி வருபவை. தமிழ் நோயாளிக்குப் பொருந்துபவர் பெரும்பாலும் நம் இனத்தாரிடையேதான் அகப்படுவர். சிங்கப்பூரில் 2005 முதல் பொது வங்கி உண்டு. மலேசியாவில் குருத்தணுக் கொடையாளர் பதிவேடு உண்டு. அங்கே பெயர் கொடுக்க நம்மில் எத்தனை பேர் போனோம்? ஆளுக்கொரு பெட்டியில் பூட்டினால் தோட்டத்துப் பிள்ளைக்கு யார் தருவது?

கம்பெனி முகவர் நீட்டும் தாளில் கையொப்பமிடுமுன் தாய்மார் அவரை ஒன்று கேட்கட்டும்: என் பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் கண்டால், வைத்தியர் இதே இரத்தத்தைத்தான் ஏற்றுவார் என்று எழுதித் தருவீரா?