பிணவறை வாசலில் நீட்டப்படும் தாள்

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் விஷவாயு தாக்கிச் செத்துப்போனால், மறுநாள் அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் இரண்டு கூட்டம் நிற்கும். ஒன்று இறந்தவரின் வீட்டார். இன்னொன்று உள்ளாட்சி அலுவலகத்திலிருந்தோ ஒப்பந்ததாரரிடமிருந்தோ வந்தவர்கள். அந்த இரண்டாவது கூட்டத்தில் ஒருவர் கையில் ஒரு தாள் இருக்கும். "அடக்கச் செலவுக்கு இப்போதைக்கு இதை வச்சுக்கம்மா, இங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு" என்பார். முழு இழப்பீடும் பெற்றுக்கொண்டோம், இனி வழக்கு எதுவும் தொடரமாட்டோம் என்று அதில் எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்தவர்களும் அந்த நேரத்தில் படிப்பதில்லை.

அந்தத் தாள் சட்டப்படி செல்லாது என்பதை நம் ஊர்களில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்துத் தொழிலாளி எழுதித்தரும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. அதோடு, மரணத்துக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்க முடியாது. தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டும். இந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. பெயரும் பிரிவு எண்ணும் மாறினாலும் பொறுப்பு யாருடையது என்பது மாறவில்லை.

எதிர்த் தரப்பையும் பார்ப்போம். நகராட்சி மீதோ ஊராட்சி மீதோ வழக்கு வந்தால் அதற்கென வழக்கறிஞர் இருக்கிறார், அவருக்கு உள்ளாட்சி நிதியிலிருந்து கட்டணம் போகிறது. அரசு ஊழியர் மீது தனிப்பட்ட முறையில் வழக்கு வந்தாலும் வழி இருக்கிறது. கடமையின் பகுதியாகச் செய்த காரியத்துக்காக ஊழியர் மீது தனியார் ஒருவர் வழக்குப் போட்டால், அவர் சார்பில் அரசே வாதாடலாம் என்று மத்திய அரசு 1959 ஜனவரியிலேயே ஆணை போட்டுவிட்டது. அரசே தன் ஊழியர் மீது போடும் வழக்குக்கும், கடமைக்குச் சம்பந்தமில்லாத வழக்குக்கும் அந்த உதவி கிடையாது. நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்குப் பாதுகாப்பு என்ற வாசகமோ நம் உள்ளாட்சிச் சட்டங்களுக்குப் புதிதல்ல.

இதை நாம் குறை சொல்லவில்லை. பொய் வழக்கில் சிக்கும் ஊழியருக்கு யாராவது துணை நிற்கத்தான் வேண்டும். ஆனால் இந்த ஏற்பாட்டில் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் யார் வருகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்த்தால் சாதி தெரிகிறது. ஒரே தெருவைக் கூட்டுகிறவர்களில் நிரந்தரப் பணியாளர் ஒருவர் இருப்பார், ஒப்பந்ததாரரின் ஆள் ஒருவர் இருப்பார். கிராம ஊராட்சி என்றால் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தூய்மைக் காவலர் ஒருவர் இருப்பார். துடைப்பமும் குப்பையும் மூவருக்கும் ஒன்றுதான். குப்பை எடுக்கையில் வீட்டுக்காரர் ஒருவர் கைநீட்டி, பிறகு அவரே போலீசில் புகாரும் கொடுத்துவிட்டால், நிரந்தரப் பணியாளர் அரசுப் பணியைச் செய்யவிடாமல் தடுத்தார்கள் என்று எதிர்ப்புகார் கொடுக்கலாம். மற்ற இருவரிடமும், "நீ எங்க ஆளே இல்லை, ஒப்பந்ததாரரைப் போய்ப் பார்" என்று முதலில் சொல்வது அவர்கள் வேலை செய்யும் அலுவலகம்தான்.

தொட்டிச் சாவுகளிலும் இது நடக்கிறது. வழக்கு என்று வரும்போது முதலில் மாட்டுகிறவர் மேஸ்திரி அல்லது சூப்பர்வைசர். பல நேரம் அவரும் அதே காலனிக்காரர்தான். யார் உத்தரவின் பேரில் ஆளை இறக்கினார் என்ற கேள்வி மேலே போகாது. மேலே இருக்கிறவருக்கு வழக்கறிஞர் இருக்கிறார், மேஸ்திரிக்கு இல்லை.

"ஒப்பந்ததாரரைப் போய்ப் பார்" என்ற பதிலைச் சட்டம் ஏற்பதில்லை. தன் வேலையை ஒப்பந்ததாரர் மூலம் செய்விக்கும் முதன்மை முதலாளி, அந்த ஆள் தன்னிடமே வேலை பார்த்தவர்போல இழப்பீடு தர வேண்டும். பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். விபத்து நடந்த ஒரு மாதத்துக்குள் தொகையைக் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு, தகுந்த காரணமில்லாத தாமதத்துக்கு அபராதமும் உண்டு. கோரிக்கை மனு போட 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. "ஆறு மாசம் ஆயிடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தொகை எவ்வளவு? மரணம் என்றால் மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதம் 5,000 ரூபாய் வாங்கியவருக்கு இந்தக் கணக்கில் 4,60,425 ரூபாய் வருகிறது. அதே வயதில் 15,000 ரூபாய் வாங்கியவருக்கு 13,81,275 ரூபாய். கணக்கில் எடுக்கும் உச்ச ஊதியம் 2020 ஜனவரியிலிருந்து 15,000 ரூபாய். 'இது ஊதியம் அல்ல, மதிப்பூதியம்' என்று எழுதிவைப்பதன் அருமை இங்கேதான் புரியும். உயிரோடு இருக்கும்போது குறைத்துக் கொடுத்த கூலி, செத்த பிறகு இழப்பீட்டையும் குறைக்கிறது. ஒப்பந்ததாரர் பதிவேட்டில் ஒரு தொகையை எழுதி, கையில் ஒரு தொகையைக் கொடுக்கும் இடங்களில் வங்கிப் பாஸ்புத்தகமும் சம்பளச் சீட்டும்தான் சாட்சி. அவற்றைத் தூக்கி எறியாதீர்கள்.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் வழி வேறு. அப்போது இந்த மொத்தத் தொகை கிடைக்காது. பணியின்போது இறந்தவரின் குடும்பத்துக்கு ஈ.எஸ்.ஐ. மாதாமாதம் உதவித்தொகை தரும், அது ஊதியத்தில் 90 சதவீதம் என்ற அளவில் கணக்கிடப்படும். பிடித்தம் செய்தும் ஒப்பந்ததாரர் பணத்தைக் கட்டாமல் விட்டிருந்தால், அதற்கும் முதன்மை முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும்.

இனி, எல்லோரும் குழப்பிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். கழிவுநீர்க் குழாயிலோ தொட்டியிலோ இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம். இது யார் நிரந்தரம், யார் ஒப்பந்தம் என்று பார்த்துக் கொடுக்கும் பணம் அல்ல. காப்பீட்டுத் தொகையும் அல்ல.

சென்னையில் தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் போராடி, நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அதற்கு அடுத்த நாளே, பணியில் இறக்கும் தூய்மைப் பணியாளர் குடும்பத்துக்கு நல வாரியம் தரும் 5 லட்சத்தோடு இன்னும் 5 லட்சம் காப்பீடு என்று மாநில அரசு அறிவித்தது. வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால் தொட்டிச் சாவு ஒன்றில், "10 லட்சம் வந்துவிட்டது, முடிந்தது" என்று யாராவது சொன்னால், நீதிமன்றம் சொன்ன 30 லட்சம் எங்கே என்று கேட்க வேண்டும். விடியற்காலையில் சாலை கூட்டும்போது லாரி மோதி இறந்தவருக்கு அந்த 30 லட்சம் பொருந்தாது. அந்தக் குடும்பத்துக்குத் தொழிலாளர் இழப்பீடோ ஈ.எஸ்.ஐ.யோ, வாகன விபத்துத் தீர்ப்பாயமோதான் வழி. அந்தச் சாவுகளைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

இவை தவிர, வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாயும் 436 ரூபாயும் பிடிக்கும் இரண்டு பிரதமர் காப்பீடுகள் இருக்கின்றன. விபத்து மரணம் என்றால் இரண்டிலும் தலா 2 லட்சம் கிடைக்கும். பிடித்தம் நடந்ததே வீட்டாருக்குத் தெரியாமல், கோராமலே விட்டுப்போகும் பணம் இது. உங்கள் தெருவில் ஒரு சாவு நடந்தால், பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகூடப் பாஸ்புத்தகத்தைப் புரட்டி மே, ஜூன் மாத வரிகளைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

பணத்தோடு விஷயம் முடிவதில்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு தடை செய்கிறது. நேரடியாக இறக்கினாலும் ஒப்பந்ததாரர் மூலம் இறக்கினாலும் உள்ளாட்சி அமைப்புக்கும் இது பொருந்தும். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விட முடியாத குற்றம். பட்டியல் சாதியினர் ஒருவரை மனிதக் கழிவை அகற்றும் வேலையில் ஈடுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம். ஆனால் காவல் நிலையத்தில் பெரும்பாலும் 'சந்தேக மரணம்' என்றோ 'கவனக்குறைவால் மரணம்' என்றோ எழுதி நிறுத்திக்கொள்வார்கள். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கிப் பிரிவுகளைப் படியுங்கள். 2013 சட்டத்தின் கீழ் புகார் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் போக வேண்டும் என்று அந்தச் சட்டமே கெடு வைத்திருக்கிறது. கருமாதி, ஈமச்சடங்கு, வாரிசுச் சான்றிதழுக்கு அலைவது என்று அந்த 3 மாதம் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும்.

அதிகாரி மீது வழக்குத் தொடர அரசின் அனுமதி வேண்டுமே என்று சொல்லிக் கோப்பைக் கிடப்பில் போடுவதும் வழக்கம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதற்கும் எல்லை வைத்திருக்கிறது. கேட்ட 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே பொருள்.

வழக்கறிஞருக்குக் காசு எங்கே என்கிற கேள்விக்கு வருவோம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, தாலுகாவிலும் குழு உண்டு. தொலைபேசி எண் 15100. கைதான அந்த மேஸ்திரிக்கும் இதே வாசல் திறந்திருக்கிறது.

கல்லூரி மாணவர்களிடம் நாம் ஒரு வேலை கேட்கிறோம். 10 ரூபாய் ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். நம் மாவட்டத்தில் 2013 சட்டப்படி அமைக்க வேண்டிய விழிப்புணர்வுக் கண்காணிப்புக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எங்கே? உங்கள் நகராட்சி கடந்த 3 ஆண்டில் வழக்குச் செலவுக்கு எவ்வளவு கொடுத்தது, அதே 3 ஆண்டில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் இழப்பீட்டுக்கு எவ்வளவு கட்டியது? 30 நாளில் பதில் வர வேண்டும். கிராமத்தில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபையிலேயே இதைக் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம். பதில் வந்ததும் இந்தப் பத்திக்கு அனுப்புங்கள், வந்த எண்களை அப்படியே வெளியிடுவோம்.