ஏற்றிய கையே இறக்கிவிடல் வேண்டும்

மருத்துவர் எழுதிக் கொடுத்த வில்லையை மருந்துக்கடையில் விலை கொடுத்து வாங்கி, சொன்ன அளவு மீறாமல் ஆண்டுக்கணக்கில் விழுங்கி வந்த ஒருவரைக் குடிவெறியரோடு ஒரே வரிசையில் நிறுத்துவது அறமாகுமா? ஆகாது. ஆயினும், உறக்க வில்லையையோ அமைதியூட்டும் வில்லையையோ விட்டுவிட விரும்பி மருத்துவர் வாயிலில் போய் நிற்பவர் பலர்க்குக் கிடைப்பது இந்த இழிவேயாகும்.

தமிழகத்து ஊர் எதனிலும் நேரக்கூடிய நிலை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். கணவனைப் பறிகொடுத்த ஒரு தாய் இரவெல்லாம் கண்மூடாது கிடக்கின்றார். பதினைந்து நாளைக்கென்று ஒரு சிறு வில்லை எழுதித் தரப்படுகின்றது. உறக்கம் வருகின்றது. பதினைந்து நாள் எட்டாண்டாகின்றது. மருத்துவச் சீட்டு பழுத்துக் கிழிந்தும் வில்லை மட்டும் நின்றபாடில்லை. மறதியும் தள்ளாட்டமும் மிகுந்து, ஒருநாள் முற்றத்தில் விழுந்தெழுந்த பிறகு, 'இதை விட்டுவிட வேண்டும்' என்று அவர் துணிகின்றார். ஒரு மருத்துவர், "வாழ்நாள் முழுதும் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா, ஒன்றும் ஆகாது" என்கின்றார். மற்றொருவர், "இன்றோடு நிறுத்திவிடுங்கள்" என்கின்றார். இரண்டாமவர் சொற்கேட்டு நிறுத்திய மூன்றாம் இரவில் உடல் நடுங்குகின்றது, நெஞ்சு படபடக்கின்றது, சுவரே அசைவதுபோல் தோன்றுகின்றது. வீட்டார், "பழைய நோய் திரும்பிவிட்டது" என்று கடைக்கு ஓடி மீண்டும் வில்லை வாங்கி வருகின்றனர்.

இவ்விரு மருத்துவரும் வேறு வேறு வழி காட்டியதாகத் தோன்றலாம். உண்மையில் இருவர் செய்ததும் ஒன்றே. இருவரும் அத்தாயின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்கவில்லை. இருவரும் இறங்கும் வழியைக் காட்டவில்லை. மரத்தில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொள்வது எத்தகைய செயலோ, அத்தகையதே இதுவும். எழுதிக் கொடுத்து ஏற்றிய மருத்துவத் துறையே, படிப்படியாய் இறக்கிவிடும் கடமையும் உடையது. இதை இரந்து பெறும் அருளாகக் கொள்ளுதல் வேண்டா. இது நோயாளர்க்குள்ள உரிமை.

இம்மருந்துகளின் வரலாற்றைச் சற்றே புரட்டினால் இக்கடமை எவ்வளவு காலம் தட்டிக் கழிக்கப்பட்டது என்பது விளங்கும். இவ்வகையில் முதலாவதான இலிபிரியம் 1960-இல் விற்பனைக்கு வந்தது. டயசெபம் என்னும் மருந்து வாலியம் என்ற பெயரில் 1963-இல் வந்தது. முன்னிருந்த பார்பிட்டியூரேட்டு மருந்துகளை மிகுதியாய் உட்கொண்டு மாண்டோர் பலராதலின், இப்புதியவை தீங்கற்றவை எனப் போற்றப்பட்டன. ஆனால் 1961-லேயே அமெரிக்க மருத்துவர் ஆலிசுட்டர் என்பார் ஓர் ஆய்வை வெளியிட்டார். இலிபிரியத்தைப் பேரளவில் பல மாதங்கள் உட்கொண்டிருந்த நோயாளர் 11 பேர்க்கு அதனைத் திடுமென நிறுத்தி, மருந்தில்லாத வெற்று வில்லையைக் கொடுத்தபோது, 10 பேர்க்குப் புதிய துன்பக் குறிகள் தோன்றின; இருவர்க்கு வலிப்பே வந்தது. மணி அன்றே அடித்தாயிற்று, கேட்டவர்தாம் இலர். இவ்வகை மருந்துகளை இரண்டு முதல் நான்கு கிழமைக்கு மேல் கொடுத்தல் கூடாதென்று பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவுறுத்தியது 1988-இல்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அடிமைப்படுத்தும் இயல்பும் விடுபடும்போது நேரும் இடரும் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையை இவ்வகை மருந்துகள் அனைத்திற்கும் வேண்டுமென்று ஆணையிட்டது 2020-இல்தான். முதல் வில்லைக்கும் இவ்வெச்சரிக்கைக்கும் இடையே அறுபதாண்டுகள் ஓடிவிட்டன!

திடுமென நிறுத்துவது ஏன் தீது? மூளையில் கிளர்ச்சியை அடக்கி அமைதி தரும் காபா என்னும் பொருள் இயற்கையாகவே சுரக்கின்றது. இம்மருந்துகள் அதன் ஆற்றலை மிகுவிக்கின்றன. வெளியிலிருந்து நாள்தோறும் துணை வருதலின், மூளை தன் சொந்த அமைதியாற்றலைக் குறைத்துக்கொள்கின்றது. ஊன்றுகோலை ஒரே நொடியில் பறித்தால், நெடுநாள் அதனையே நம்பியிருந்த கால் என்ன செய்யும்? உறக்கமின்மை, நடுக்கம், பேரச்சம், ஒலியும் ஒளியும் பொறாமை, தோலில் எறும்பூர்தல் போன்ற உணர்வு ஆகியன தோன்றும். சிலர்க்கு வலிப்பும் மனத்தடுமாற்றமும் நேரும். உயிர்க்கே இறுதி வருவதும் உண்டு. இவை மனவலிமையின்மையால் வருவன அல்ல; மூளை தன்னைத் திருத்திக்கொள்ளக் காலம் கேட்கும் குரலே இவை.

இக்குரலைச் செவிமடுத்தவர் ஒருவர் உண்டு. தேராதூனில் 1929-இல் பிறந்து, இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் விளங்கி, 2019-இல் மறைந்த ஈதர் ஆசுட்டன் அம்மையாரே அவர். 1982 முதல் 1994 வரை இம்மருந்துகளினின்று விடுபட விழைவோர்க்கென்றே அவர் ஒரு மருத்துவப் பிரிவை நடத்தினார். ஏறத்தாழ 300 பேர் அவர்பால் வந்தனர். அவர்கள் வெறிக்காக மருந்தை நாடியவர் அல்லர். மருத்துவர் குறித்த அளவில் பல்லாண்டு உண்டு வந்து, உண்ண உண்ண நலிந்தவர்கள். அம்மையார் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் கூறியதை எழுதி வைத்துக்கொண்டார். தாம் கற்றதிற் பெரும்பகுதி அவர்களிடமிருந்தே கற்றது என்று வெளிப்படையாய் ஒப்புக்கொண்டார். அப்பட்டறிவே 1999-இல் நூலாயிற்று. நோயாளரும் மருத்துவரும் ஒருங்கே படித்தறியும் வண்ணம் அந்நூல் எழுதப்பட்டது.

அவர் காட்டிய வழி மிக எளியது. அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தல். எவ்வளவு விரைவு என்பதை நோயாளரே முடிவு செய்தல். துன்பம் மிகுந்தால் அந்த அளவிலேயே சில நாள் நின்று, பின் இறங்குதல். உட்கொள்ளும் அளவில் பத்தில் ஒரு பங்கை ஒன்றிரண்டு கிழமைக்கு ஒருமுறை குறைப்பது அவர் வகுத்த நடை. அமெரிக்க மருத்துவ அமைப்புகள் பல கூடி 2025-இல் வெளியிட்ட நெறி இன்னும் மென்மையானது. இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு குறைத்துத் தொடங்குக என்றும், இரு கிழமையில் 25 விழுக்காட்டிற்கு மேல் குறைத்தல் பொதுவாக வேண்டா என்றும் அது கூறுகின்றது. எட்டாண்டு உண்டவர் இறங்குவதற்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். அதனால் இழுக்கொன்றுமில்லை.

அல்பிரசோலம் போன்ற மருந்துகள் உடலினின்று விரைந்து நீங்குவன. ஏறத்தாழ அரை நாளில் பாதியளவு போய்விடும். எனவே, அடுத்த வேளைக்கு முன்பே நடுக்கம் தலைகாட்டும். டயசெபம் பாதியளவு நீங்க ஒரு நாளுக்கு மேலாகும். சிலர்க்கு நான்கு நாளும் ஆகும். ஆகலின், முன்னதைச் சிறிது சிறிதாகப் பின்னதற்கு மாற்றி, அதன்பின் குறைக்கும் முறையை அம்மையார் கையாண்டார். ஆயின் இது எல்லார்க்கும் பொருந்துவதன்று. முதியோர்க்கும் கல்லீரல் நோயுள்ளோர்க்கும் டயசெபம் உடலில் தேங்கித் தீங்கு செய்யும். ஒரு மருந்தின் எவ்வளவு மற்றொன்றின் எவ்வளவுக்கு ஈடு என்பதிலும் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு உண்டு. எனவே, நூலைப் படித்துத் தாமே மாற்றிக்கொள்வது பேதைமை. படித்தறிந்த மருத்துவரின் துணை இன்றியமையாதது.

அத்தகைய மருத்துவரை அறிவது எவ்வாறு? பெயருக்குப் பின்னுள்ள பட்டங்களின் நீளத்தால் அன்று. முதற் சந்திப்பில் அவர் கேட்கும் வினாக்களால்தான். எத்தனை ஆண்டாய், எவ்வளவு, எந்தெந்த வேளையில் உட்கொள்கிறீர்கள் என்று கேட்பவர். கள்ளும் சாராயமும் வலிநீக்கும் அபின்வகை மருந்துகளும் உடன் உண்டா என்று கேட்பவர். முன்பு நிறுத்த முயன்றபோது என்ன நேர்ந்தது என்று கேட்பவர், இவரே தகுந்தவர். விடுபடும்போது வரும் துன்பத்தையும் பழைய நோய் மீள்வதையும் அவர் பிரித்தறிவார். ஒரு வில்லையை நிறுத்துவதாய்ச் சொல்லி அதே இனத்து வேறொன்றைப் புகுத்த மாட்டார். உறக்கத்தையும் அச்சத்தையும் மருந்தின்றி ஆளும் உளப்பயிற்சிக்கு வழிகாட்டுவார். அடுத்து எந்நாளில் வரவேண்டும், இடையில் இடர் வந்தால் யாரிடம் சொல்லவேண்டும் என்பதைத் தாமே கூறுவார். வாயிலில் நுழைந்தவுடன் 'இன்றே நிறுத்து' என்பாரையும், பத்து நாளில் முற்றும் விடுவிப்பதாய்ப் பறைசாற்றும் இடங்களையும் விட்டு விலகுவதே அறிவுடைமை.

வலிப்பு வந்த வரலாறுடையோர், மிகுந்த அளவு உண்போர், குடிப்பழக்கமும் உடன் உள்ளோர், கருவுற்ற பெண்டிர், தனித்து வாழும் முதியோர் ஆகியோர் தொடக்கத்திலேயே வல்லுநரிடம் செல்லுதல் வேண்டும். சிலர் மருத்துவமனையில் தங்கியே தொடங்க வேண்டியிருக்கும். வலிப்பு, மனத்தடுமாற்றம், இல்லாதன காணல், தற்கொலை எண்ணம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் நாள் பார்த்துக் காத்திராது அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

தமிழகத்தில் இதற்கு இடமில்லை என்று கைவிரிப்பது பொருந்தாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. சென்னைக் கீழ்ப்பாக்கத்து அரசு மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794-ஆம் ஆண்டினது. மாவட்ட மனநலத் திட்டமும் நடைமுறையில் உள்ளது. 2022 அத்தோபரில் தொடங்கிய டெலி மானசு பணியை 14416 என்னும் எண்ணில் அழைத்துத் தமிழிலேயே வழி கேட்கலாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், அரசு நடத்தும் மனநல மருத்துவத்தைப் பெறும் உரிமையை ஒவ்வொருவர்க்கும் வழங்கியுள்ளது. மருந்து விற்பனைக்கும் கட்டுப்பாடு உண்டு. அல்பிரசோலம், டயசெபம், நைட்ரசெபம் முதலியன 2014 மார்ச்சு முதல் எச்-1 பட்டியலின்கீழ் உள்ளன. மருத்துவச் சீட்டின்றி விற்றல் ஆகாது. நோயாளர் பெயரும் மருத்துவர் பெயரும் பதிந்த ஏட்டைக் கடைக்காரர் மூன்றாண்டு காத்தல் வேண்டும். இச்சட்டம் நல்லதே. ஆனால், இறங்கும் வழியைக் காட்டாமல் கடைக்கதவை மட்டும் அடைத்தால், எட்டாண்டு உண்டவர்க்கு அதுவும் திடுமென நிறுத்தியதாகவே முடியும். கதவடைக்கும் அரசு, ஏணி வைக்கும் மருத்துவரையும் வட்டந்தோறும் அமர்த்துதல் வேண்டும்.

இங்கு மொழிக்கும் ஓர் இடம் உண்டு. பல்லாண்டாய் விழுங்கும் வில்லையின் பெயரை அறியாதவர் எத்துணைப் பேர்! 'சின்ன வெள்ளை', 'தூக்கத்துக்கு உள்ளது' என்பனவே அவர்கள் அறிந்த பெயர்கள். சீட்டும் அட்டையும் ஆங்கிலத்தில் இருப்பின், தம் உடலுக்குள் என்ன போகின்றது என்பதே அவர்க்குத் தெரியாமற் போகின்றது. மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், நிறுத்தும் முறை என்னும் நான்கையும் தமிழில் எழுதித் தருதல் மருத்துவர்க்குப் பெரும்பாடன்று. 'தலைக்குள் எறும்பு ஊர்கிறது', 'காலடியில் தரை நழுவுகிறது' என்று நோயாளர் தம் சொல்லிற் கூறுவதே இம்மருத்துவத்தில் முதன்மையான அளவுகோல். அதனை அளக்கும் பொறி வேறில்லை. நாள்தோறும் உண்ட அளவையும் உற்ற துன்பத்தையும் ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதி வருவது, மருத்துவர்க்கும் நோயாளர்க்கும் ஒருங்கே விளக்காகும்.

மருத்துவத்தை நோயாளர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நான்கு கூறாக்கினார் வள்ளுவப் பெருந்தகை. நான்காமவரை இக்காலம் மறந்துவிட்டது. இறங்குவோர் சினந்து பேசுவார், அழுவார், நள்ளிரவில் எழுந்து நடப்பார். 'பைத்தியம்' என்று பழிக்காமல், 'இதுவும் கடந்து போகும், நேற்றினும் இன்று சிறிது இறங்கியுள்ளீர்கள்' என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருத்தல் வேண்டும்.

அத்தாய் எட்டாண்டு ஏறியது அவர் குற்றத்தால் அன்று. இறங்க விழைவது அவர் துணிவு. அத்துணிவுக்குத் துணை நில்லாத மருத்துவம், எத்துணைப் பெரிய கட்டடத்துள் இருப்பினும், பாதி மருத்துவமே. ஏற்றிய கையே இறக்கிவிடல் வேண்டும். அதுவும் மெல்ல, கைவிடாமல், கால் தரையில் ஊன்றும் வரை.