இல்லத்தில் ஒலிக்கும் கிராஅத்தும் இல்லத்தைக் கேட்கும் கருவியும்

 

செட்டியார்பட்டியில் என்னிடம் ஓதும் மாணவர் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையில் மஃக்ரிபுக்குப் பின் சென்றிருந்தேன். அவருடைய அத்தா வளைகுடாவில் பணியாற்றித் திரும்பியவர். தம் தந்தையார் விட்டுச்சென்ற பழைய ஆடியோ ரிசீவரின் ஆக்ஸ் துளையில் ஒரு ஒயரைச் செருகி, அதன் மறுமுனையை உள்ளங்கை அளவுள்ள ஸ்மார்ட் ஸ்பீக்கரில் இணைத்திருந்தார். "ஹஜ்ரத், இதைக் கேளுங்கள்" என்று கூறி ஒரு கட்டளையிட்டார். யாஸீன் சூரா கூடம் முழுவதும் ஒலித்தது. பகலில் தையல் இயந்திரத்தில் அமர்ந்திருக்கும் பெண்கள் கையை எடுக்காமலேயே கிராஅத் கேட்க முடிகிறது என்றார். எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

பின்னர் உறவினர் குடும்பத்துப் பிணக்கு ஒன்றைப் பற்றி ஆலோசித்துக்கொண்டிருந்தோம். யாரும் அழைக்காமலேயே அக்கருவி ஒளிர்ந்து, தனக்குப் புரியவில்லை என்று பதிலளித்தது. அவர் கைப்பேசியைத் திறந்து பார்த்தார். நாங்கள் பேசியதில் ஒரு துண்டு அங்கே பதிவாகியிருந்தது. திரைக்கு அப்பால் பேசிக்கொண்டிருந்த பெண்களும் மௌனமாயினர். "ஹஜ்ரத், இது கூடுமா, கூடாதா?" என்று அவர் வினவினார்.

கருவி தன்னளவில் ஆகுமானதே. நல்லதைக் கேட்கப் பயன்படும் எதையும் நாம் வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் ரிசீவர் ஒலியைத் தரும் பொருள். ஸ்மார்ட் ஸ்பீக்கரோ ஒலியைத் தருவதோடு ஒலியைக் கேட்கவும் செய்கிறது. தன் பெயர் சொல்லப்படுகிறதா என்று அது எந்நேரமும் செவிமடுத்திருக்கும். பெயரைக் கேட்டதும் அடுத்து வரும் பேச்சை நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பும். வேறொரு சொல்லைத் தன் பெயரென்று தவறாக எண்ணினாலும் அவ்வாறே அனுப்பிவிடும்.

அனுப்பப்பட்டவற்றை மனிதர் எவரும் கேட்பதில்லை என்று எண்ண வேண்டாம். அமேசான், கூகுள், ஆப்பிள் ஆகிய நிறுவனங்களின் குரல் பதிவுகளில் ஒரு பகுதியை ஊழியர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் கேட்டு மதிப்பிடுவது 2019-இல் வெளியாயிற்று. சிறுவர்களின் குரல் பதிவுகளை முறையின்றி வைத்திருந்ததாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், குற்றச்சாட்டை ஏற்காவிடினும், 2.5 கோடி டாலர் செலுத்த அமேசான் 2023-இல் உடன்பட்டது. சில எக்கோ கருவிகளில் குரல் பதிவை வெளியே அனுப்பாமல் வைத்துக்கொள்ள இருந்த வசதியையும் அந்நிறுவனம் 2025 மார்ச் 28 முதல் நிறுத்திவிட்டது.

நம் மார்க்கம் இல்லத்தின் மறைவை எவ்வளவு பேணுகிறது! பிறர் இல்லத்தில் அனுமதி பெறாமல் நுழைவதைத் திருக்குர்ஆன் (24:27) தடுக்கிறது. ஃபஜ்ருக்கு முன்பும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்பும் வீட்டுச் சிறுவர்கள்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்கிறது (24:58). துருவித் துருவி ஆராய்வதையும் விலக்குகிறது (49:12). தாம் கேட்பதை விரும்பாத மக்களின் பேச்சை ஒட்டுக்கேட்பவருக்கு மறுமையில் கடும் தண்டனை உண்டென நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியில் உள்ளது. பெற்ற பிள்ளையே அனுமதி கேட்க வேண்டிய நேரத்தில், அனுமதியின்றிக் கேட்டிருக்கும் கருவிக்கு நாம் எப்படி இடமளிப்பது?

"கைப்பேசியிலும் மைக் இருக்கிறதே" என்பர். உண்மைதான், அதிலும் பேணுதல் வேண்டும். ஆயினும் கூடத்தில் நிலையாக வைக்கப்பட்ட கருவி, விருந்தினரின் பேச்சையும், துயரம் சொல்ல வந்த அண்டை வீட்டுச் சகோதரியின் பேச்சையும் கேட்கிறது. அவர்களிடம் நாம் அனுமதி பெறவில்லை. நம்மை நம்பிச் சொல்லப்பட்டது அமானிதம் அல்லவா?

ஆகவே அச்சகோதரருக்கு நான் கூறியது இதுவே: ரிசீவரைக் கழற்ற வேண்டாம், கேட்கும் பகுதியை மட்டும் நீக்கிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் மேலுள்ள மைக் பொத்தானை அழுத்தி, மைக்கை அணைத்தே வையுங்கள். அப்போதும் கைப்பேசிச் செயலி வழியாக கிராஅத்தை ஒலிக்கச் செய்யலாம். புதிதாக வாங்குவோருக்கு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மைக் இல்லாத புளூடூத் ரிசீவரே போதும். அதை ஆக்ஸ் துளையில் இணைத்தால் பழைய பெட்டி கைப்பேசியின் ஒலியைப் பாடும். முன்பு சேர்ந்துவிட்ட பதிவுகளைச் செயலியில் அழித்துவிடுங்கள். படுக்கையறையில் இக்கருவியை ஒருபோதும் வைக்காதீர்கள். மைக் திறந்திருந்தால் வந்தவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கட்டளையிட்டதும் ஓதும் வசதி குறையும். கைப்பேசியை ஒருமுறை தொட வேண்டியிருக்கும். இல்லத்தாரும் விருந்தினரும் அச்சமின்றிப் பேசுவதற்கு அது சிறிய விலையே.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களைத் தன் வேதத்தின் ஒலியால் நிரப்பி, அவற்றின் மறைவையும் பாதுகாப்பானாக! ஆமீன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.