நீளத்தை அளந்தால் இனம் தெரிந்துவிடுமா?

ஊர்வன பற்றிப் பேசுபவர்களிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருக்கிறது. ஒரு தீவில் பெரிய பல்லியோ பாம்போ கிடைத்துவிட்டால் அது "ராட்சதத் துணையினம்". பக்கத்துத் தீவில் அதிலே பாதி அளவில் கிடைத்தால் அது "குள்ளத் துணையினம்". டேப்பை நீட்டினோமா, பெயரை வைத்தோமா, வேலை முடிந்தது! தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் மட்டுமல்ல, பல பாடப்புத்தகங்களும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கின்றன. இது சோம்பேறித்தனம். அதோடு போனாலும் பரவாயில்லை, இதனால் கெடுதலும் உண்டு.

கலாபகஸ் தீவுகளின் கடல் இகுவானாவை எடுத்துக்கொள்வோம். கடலுக்குள் இறங்கிப் பாசி மேயும் ஒரே பல்லி இதுதான். வடக்கே ஜெனோவேசா தீவில் வளர்ந்த ஆண்கூட ஒரு கிலோவைத் தாண்டுவது அரிது. தெற்கு இசபெலாவில் அதே இனத்தின் ஆண் 12 கிலோ வரை போகிறது. ஒரே தீவுக்கூட்டம், ஒரே இனம், பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்! ஜெனோவேசா இகுவானாவுக்கு வைத்த "நானஸ்" என்ற பெயருக்கே குள்ளன் என்றுதான் அர்த்தம்.

சரி, ஏன் இந்த வித்தியாசம்? உடனே சிலர் பெர்க்மான் விதியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். குளிர் அதிகமானால் உடல் பெரிதாகும், உடல் பெரிதானால் வெப்பம் தங்கும் என்பது அந்த விதி. தன் உடம்புக்குள்ளேயே சூடு உண்டாக்கும் பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் சொன்ன கணக்கு அது. வெயிலில் காய்ந்து சூடேறும் ஒரு பிராணியிடம் அதைக் கொண்டுபோய் ஒட்டவைப்பது என்ன நியாயம்? 2003இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வு, ஆமைகள் இந்த விதிப்படி நடக்கின்றன, பல்லிகளும் பாம்புகளும் பெரும்பாலும் தலைகீழாக நடக்கின்றன என்றே காட்டியது.

கலாபகஸில் குளிர்ந்த கடல் பக்கம் பெரிய இகுவானா இருப்பது உண்மைதான். ஆனால் காரணம் வேறு. மேற்குத் தீவுகளின் ஓரத்தில் ஆழ்நீரோட்டம் சத்துள்ள குளிர்நீரை மேலே கொண்டுவருகிறது, அதனால் பாசி செழிக்கிறது. ஜெனோவேசாவைச் சுற்றியுள்ள நீர் வெதுவெதுப்பானது, பாசி கட்டையாகவே இருக்கும். கட்டைப் பாசியை ஒரு கடிக்கு இவ்வளவுதான் கொறிக்க முடியும். உடம்பு இரண்டு மடங்கானால் பசியும் கூடுகிறது, ஆனால் கடியில் கிடைப்பது அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆகவே பெரிய உடம்பு அங்கே கட்டுபடியாகாது. இன்னொரு பக்கம், பெண்களைச் சேர்வதற்கான போட்டியில் ஜெயிப்பது பெரிய ஆண்தான். இனச்சேர்க்கை மேலே இழுக்கிறது, பட்டினி கீழே இழுக்கிறது. இந்த இழுபறி எங்கே நிற்கிறதோ அதுதான் அந்தத் தீவின் அளவு.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. எல் நினோ வந்து கடல் சூடாகிப் பாசி அழியும் காலங்களில், வளர்ந்த இகுவானாக்கள் நீளத்திலேயே குறைகின்றன! எடை குறைவதைச் சொல்லவில்லை. 2000இல் விகெல்ஸ்கியும் தாமும் வெளியிட்ட ஆய்வில் 6.8 சென்டிமீட்டர் வரை, அதாவது உடல் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்தது பதிவாகியிருக்கிறது. எலும்பும் சுருங்கினால்தான் இவ்வளவு குறைய முடியும். அதிகம் சுருங்கியவை அதிக காலம் பிழைத்தன. உணவு திரும்பியதும் மறுபடி வளர்ந்தன. ஒரே பிராணி இரண்டு வருடத்தில் மாற்றிக்கொள்ளும் ஒன்றை இனத்தின் அடையாளமாக நம்புவது எப்படி?

1962இல் ஐபிள்-ஐபெஸ்ஃபெல்ட் பிரித்த ஏழு துணையினங்களை 2017இல் மரபணுவோடும் உடலமைப்போடும் வைத்து மறுபடி அலசினார்கள். பட்டியல் பதினொன்றானது. அதில் ஒரு பாடம் இருக்கிறது. பேருருவம் கொண்ட இசபெலா இகுவானாவுக்குத் தனியாக இருந்த பெயர் போய்விட்டது. அது பெர்னாண்டினா இகுவானாவோடு ஒன்றுதான். சான் கிறிஸ்டோபால் என்ற ஒரே தீவிலோ இரண்டு துணையினங்கள்! அதில் ஒன்றுக்கு "காட்ஜில்லா" என்று பெயர் வைத்தார்கள். மிகப் பெரியது அதுவல்ல என்பது தனிக்கதை. ஆஸ்திரேலியத் தீவுகளின் புலிப்பாம்புகளிலும் இதே நிலைதான். கடற்பறவைக் குஞ்சுகளைத் தின்னும் சாப்பல் தீவுப் பாம்பு பெரியது, அரணைகளைத் தின்னும் ராக்ஸ்பி தீவுப் பாம்பு சிறியது. மரபணுவில் அவற்றுக்குள் வேறுபாடு சொற்பம் என்று 2005லேயே தெரிந்துவிட்டது.

"பெயரில் என்ன இருக்கிறது, விலங்கு அப்படியேதானே இருக்கும்" என்பார்கள். இருக்குமா? 2001 ஜனவரியில் ஜெசிகா என்ற எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபால் அருகே தரைதட்டியது. சிந்திய எண்ணெயில் மிகக் கொஞ்சமே சாண்டா ஃபே தீவை எட்டியது. ஆனாலும் அடுத்த ஓராண்டுக்குள் அங்கிருந்த கடல் இகுவானாக்களில் 62 சதவீதம் செத்துப்போயின. நடுத்தர அளவுள்ள அந்தப் பல்லிகளுக்கு அப்போது சொந்தமாக ஒரு பெயர்கூட இல்லை. அவை தனித் துணையினம் என்று எழுதப்பட்டது பதினாறு வருடம் கழித்து, 2017இல். காட்ஜில்லாவின் குஞ்சுகளைக் காட்டுப் பூனைகள் இன்றும் தின்றுகொண்டிருக்கின்றன. டேப்போடு போகிறவர்கள் இசபெலாவின் 12 கிலோ ஆணைத்தான் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள்.