பல்லின்மேல் ஒட்டும் பீங்கான் தகடு

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து தாயார் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். 23 வயதான அவருடைய மகளுக்கு மணம் பேசி முடித்தாயிற்று. கோவிலில் ஓலை வாசிப்பதற்கும் நாள் குறித்துவிட்டார்கள். பெண் படித்தவள், பணியில் இருப்பவள். ஆனால் நிலைப்பற்கள் முளைத்த நாள் முதலாகவே அவளுடைய முன்பற்களில் பழுப்புக் கறை படிந்திருக்கிறது. சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வாள்; புகைப்படம் எடுக்கையில் உதடுகளை இறுக மூடிக்கொள்வாள். மணமகன் வீட்டார் வந்து சென்றபின் அவர்களுள் பெரியவர் ஒருவர், "பல்லை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியனுப்பினாராம். நகரத்திலுள்ள பல் மருத்துவமனை ஒன்றில் காட்டியதில், மேல்வரிசையில் 8 பற்களுக்கு 'வெனீர்' பொருத்தினால் திரைப்பட நடிகையரின் பல்வரிசை வந்துவிடும், இரண்டே முறை வந்தால் போதும் என்றார்களாம். "செய்யலாமா? அல்லது இது வீண் பகட்டா?" என்று தாயார் கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை கூறிவிடுவோம். இது பகட்டு அன்று. வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்று பதினைந்து ஆண்டுகளாக ஏங்கிய ஒரு பெண்ணைப் பகட்டுக்காரி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பல்லைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன பெரியவரின் பற்கள் எப்படியிருந்தன என்பது கடிதத்தில் இல்லை, போகட்டும்.

முதற் கேள்விக்குத்தான் ஒரே சொல்லில் விடையளிக்க இயலாது.

அந்தக் கறை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். கடிதத்தில் கண்ட அடையாளங்களைக் கொண்டு பார்த்தால், அது பல் துலக்காததால் வந்த அழுக்கு அன்று. குடிநீரில் மிகுதியாக இருந்த ஃபுளூரைடு உப்பினால் வந்ததாகவே இருத்தல் வேண்டும். நிலைப்பற்களின் முன்வரிசை, குழந்தை பிறந்தது முதல் ஏறக்குறைய 5 வயதுவரை ஈறுக்குள்ளேயே உருவாகிறது. அக்காலத்தில் குடிக்கும் நீரில் ஃபுளூரைடு மிகுந்திருந்தால், பல்லின் மேலோடான எனாமல் செம்மையாக இறுகாமற்போகிறது. பல் முளைத்தபின் அதில் பழுப்பு நிறம் ஏறுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இக்குறை நெடுங்காலமாக உண்டு. இதற்கெனவே வகுக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்டபோது, இந்தப் பெண்ணின் பற்கள் முன்னரே முளைத்துவிட்டன. இது தொற்றுநோயும் அன்று, பரம்பரை நோயும் அன்று. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்று மணமகன் வீட்டார் அஞ்சினால், இதனை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

இனி வெனீர் என்பது யாது? தச்சர்கள் மலிவான பலகையின்மேல் தேக்கு மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டி, பார்வைக்கு முழுத் தேக்காகவே செய்துவிடுவர் அன்றோ? அத்தகட்டிற்கும் வெனீர் என்றே பெயர். பல்லின் முன்புறத்தில் ஒட்டப்படுவதும் அத்தகையதே: ஏறக்குறைய நம் விரல் நகத்தின் கனமுள்ள பீங்கான் தகடு.

இதன் வரலாறு சுவையானது. 1920களின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சார்லஸ் பிங்கஸ் என்னும் பல் மருத்துவர், ஹாலிவுட் நடிகர்களின் பற்கள் திரையில் அழகாகத் தோன்றும்பொருட்டு இத்தகைய மூடிகளைச் செய்து கொடுத்தார். பொய்ப்பல் செட்டை ஒட்டவைக்கும் பொடியால் ஒட்டிக்கொண்டு நடிப்பார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். நிலையாக ஒட்டும் வழி அன்று இல்லை. 1955ஆம் ஆண்டில் மைக்கேல் புவனகோர் என்பவர், எனாமலின் மேற்பரப்பை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பிசின் அதனை இறுகப் பற்றிக்கொள்ளும் என்று கண்டறிந்தார். 1980களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் அவ்வாறே பதப்படுத்தும் முறை வந்தது. இன்றைய வெனீர் அதன்பின் பிறந்ததே.

ஆக, நடிகர்கள் மாலையில் கழற்றி வைத்ததை இந்தப் பெண் கழற்ற இயலாது. நாம் இங்கே சற்று நின்று யோசிக்க விரும்புவது இதனாலேயே. தகடு பொருந்துவதற்காகப் பெரும்பாலும் எனாமலை அரை மில்லிமீட்டர் அளவிற்குச் சீவுகிறார்கள். பல்லின் முன்புறத்து எனாமல், ஈறின் அருகில் அரை மில்லிமீட்டர்கூட இராது. கடிக்கும் முனையில்தான் ஒரு மில்லிமீட்டர் அளவு. வெட்டிய நகம் வளரும். சீவிய எனாமல் ஒருபோதும் வளராது. பீங்கான் தகடுகள் நன்முறையில் ஒட்டப்பட்டால் 10, 15 ஆண்டுகள் உழைக்கும் என்பது உண்மையே. ஆயினும் 23 வயதில் பொருத்திக்கொள்பவள் தன் ஆயுளில் மூன்று முறையேனும் அவற்றை மாற்ற நேரிடலாம். அந்த மருத்துவமனை சொன்ன தொகையை அத்தனை முறையால் பெருக்கிப் பார்ப்பது நலம்.

எனவே, குறைவாகச் செய்வதிலிருந்து தொடங்குங்கள் என்பதே நம் கருத்து. ஃபுளூரைடு கறை பல நேரங்களில் மேற்பரப்பிலேயே தங்கியிருக்கிறது. மென்மையான அமிலமும் தேய்ப்புப் பொடியும் கலந்த பசையால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்களவே தேய்த்து, பழுப்பைப் பெருமளவு நீக்கும் முறை ஒன்று உண்டு. அதன்பின் வீட்டிலேயே சில வாரங்கள் மருந்திட்டு வெளுக்கச் செய்யலாம். அப்படியும் நீங்காத ஓரிரு பற்களுக்கு மட்டும் பல்லின் நிறமுள்ள பிசினை ஒரே நாளில் பூசிவிடலாம். பிசின் ஐந்தாறு ஆண்டுகளில் தேநீராலும் காப்பியாலும் மங்கும். உடைந்தால் எளிதில் செப்பனிடலாம். வெளுக்கும் மருந்தை நிறுத்திய உடனேயே எதையும் ஒட்டலாகாது, பிடிப்புக் குறையும். இரண்டு வாரமேனும் பொறுத்திருக்க வேண்டும்.

குழி குழியாக எனாமல் உதிர்ந்துவிட்ட பற்களுக்கு இவை போதா. அங்கே வெனீர் தக்க சிகிச்சையே. நாம் அதனைப் பழிக்கவில்லை. அந்த நிலையாயின் சிலவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும். முதலாவது, பொருத்தப்போவது வெனீர்தானா, அல்லது 'கேப்' எனப்படும் முழு உறையா? வெனீருக்காகப் பல்லின் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் 3 முதல் 30 விழுக்காடுவரை நீக்கினால், முழு உறைக்காக 63 முதல் 72 விழுக்காடுவரை நீக்கப்படுகிறது என்று 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று அளந்து கூறியது. வெனீர் என்ற பெயரைச் சொல்லி, நல்ல பற்களை முளைபோலச் செதுக்கி உறை மாட்டிவிடுவது இன்று பல நாடுகளில் நடக்கிறது. குறைந்த செலவை நம்பி இங்கிலாந்திலிருந்து துருக்கிக்குச் சென்ற இளைஞர் பலருக்கு நேர்ந்தது இதுவே. இரண்டாவது, 8 பற்கள் எதற்கு? கறையுள்ளவை நான்கு என்றால் நான்கு போதாதா? ஈறில் இரத்தம் கசிந்தாலோ, சொத்தை இருந்தாலோ அதனை முதலில் குணப்படுத்த வேண்டும். உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்கும், நகம் கடிப்பவருக்கும் தகடு விரைவில் விண்டுபோகும். கோணலான பற்களை நேராக்கக் கம்பி கட்டுவதே முறை. சீவித் தகடு ஒட்டி நேராகக் காட்டுவது குறுக்குவழி.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கையில் பகல் வெளிச்சத்தில், உதட்டுச் சாயமின்றி, சிகிச்சை தொடங்குமுன்னரே பாருங்கள். வாய் திறந்தபடி இருந்து உலர்ந்த பல் உள்ளதைவிட வெளுப்பாகத் தோன்றும். சுண்ணாம்பு வெள்ளை யாருக்கும் அழகன்று. சீவுவதற்கு முன்பாகத் தற்காலிகப் பிசினால் அமைத்துக் காட்டச் சொல்லலாம். அதனை அணிந்தபடியே "வீடு, வெள்ளி, வாழை" என்று உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். வகரத்தை ஒலிக்கையில் மேற்பல்லின் முனை கீழுதட்டை மெல்லத் தொட வேண்டும். இடித்தால் தகடு நீளம்.

அம்மையீர், மணநாளுக்கு இன்னும் ஆறு வாரங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தேய்த்துக் கறை நீக்குவதற்கு அது போதும். 8 பற்களைச் சீவுவது பற்றி முடிவெடுக்க அது போதாது. திருமணத்திற்குப் பின்னரும் பல் மருத்துவர்கள் இருப்பார்கள். பதிவு பெற்ற மற்றொரு மருத்துவரிடம், இயன்றால் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில், இன்னொரு கருத்தும் கேளுங்கள். அங்கே மருத்துவருடன் பேச வேண்டியவள் உங்கள் மகள். கண்ணாடி அவள் கையில் இருக்கட்டும். நீங்களும் மணமகன் வீட்டாரும் சற்று வெளியே அமர்ந்திருக்கலாம்.

கடிதத்தின் இறுதியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மூத்த மகனுடைய குழந்தைகள் இருவரும் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள் என்று. காய்ச்சுவதால் ஃபுளூரைடு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். அந்த நீரை ஒரு புட்டியில் எடுத்துச் சென்று குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் இந்த வாரமே சோதித்துவிடுங்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருக்குமாயின், தெருக் குழாயில் வரும் ஒகேனக்கல் நீரையே பிள்ளைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் தனியே பிடித்து வையுங்கள்.