துடைக்க ஆள் போட்டாச்சா?

பி.காம் படிக்கிறவனுக்கு வெயிலை அளக்கும் பைரனோமீட்டரோட என்ன வேலைன்னு கேக்காதீங்க. இதுவும் கணக்குதான்!

2011-ல் சென்னை பள்ளிக்கரணை தேசிய காற்றுசக்தி நிறுவனம் (அப்போ பேர் சி-வெட்) நாடு முழுக்க 51 சூரியக் கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்கள் அமைச்சது. நிழல் விழாத இடம், ரசமட்டம் பார்த்து சமதளம்... இதெல்லாம் ஒரு தடவை வேலை. கண்ணாடிக் குமிழைத் துடைக்கிறதுதான் தினசரி வேலை.

எங்க ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கூரையில பேனல் போடுறவங்க கவனிக்கணும். குமிழ்ல தூசி படிஞ்சா கருவி வெயிலைக் குறைச்சுக் காட்டும். தூசி படிஞ்ச பேனல் மின்சாரத்தைக் குறைச்சுத் தரும். ரெண்டையும் ஒப்பிட்டா, எல்லாம் சரின்னுதான் தெரியும். அக்கவுண்டன்சில படிச்ச ஈடுசெய் பிழையேதான். இருப்பாய்வு டேலி ஆகும், நஷ்டம் உள்ளேயே இருக்கும்.

அதனால கருவி விலையோட, துடைக்கிறவர் சம்பளத்தையும் பட்ஜெட்ல எழுதுங்க முதலாளிகளே. அது வெட்டிச்செலவு இல்லை, தணிக்கைச் செலவு. நீங்க என்ன சொல்றீங்க நண்பர்களே?